அம்மாயி சொன்ன கதை

(தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்தெடுத்து, அலுப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறோம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பெரியவர்கள் நாம் ஒப்பாரி வைத்து அழுகிறோம். பதினாறாம் நாள் கருமாதி செய்கிறோம். இஸ்தோப்பு மூலையில் குந்தியிருக்கும் சின்னப் பிள்ளையிடம் யார் பேசுகிறோம்?

நாங்கள் போய்வரும் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஐப்பசி மழைக் காலத்தில் ஒரு தாய் காய்ச்சலில் இறந்துபோனார். மகனுக்கு ஆறு வயது. பிள்ளை தாங்காது என்று நினைத்து, "அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தாய்மார் அப்படிப் போகிறார்கள்தானே. பிள்ளையும் நம்பிவிட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து போன் வரும்போதெல்லாம் இவன் ஓடிப்போய், "எங்க அம்மா ஏன் பேசல?" என்று கேட்பான். நாளாக நாளாக அப்படிக் கேட்பதையும் விட்டுவிட்டான். சோறும் சரியாக இறங்கவில்லை.

மாசி மாதம் அந்தத் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தது. காமன் எரிந்ததும் ரதி அழ, பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அம்மாயி மடியில் இருந்த பிள்ளை, "காமன் திரும்பி வருவாரா அம்மாயி?" என்று கேட்டான்.

அம்மாயி அதற்குமேல் மறைக்கவில்லை. "கதையில சாமி எழுப்புவாரு ராசா. ஆனா ரதி கண்ணுக்கு மட்டுந்தான் காமன் தெரிவாரு. நம்ம வீட்டுல அப்பிடி எழுப்ப முடியாது. ஒங்க அம்மா செத்துப்போயிட்டா. இனி வரமாட்டா. நீயும் நானும் நெனக்கிற நேரம் நம்ம நெனப்புல மட்டும் இருப்பா" என்றார். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

மறுநாள் பிள்ளை கேட்டது எங்களையும் உலுக்கிவிட்டது. "நான் அன்னைக்கு அம்மாகூட சண்ட புடிச்சதாலயா செத்தாங்க?" இத்தனை மாதமும் அவன் அந்தப் பாரத்தை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். "இல்லடா தங்கம், காய்ச்சல்ல போனா. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று அம்மாயி பலமுறை சொன்னார்.

அதன்பிறகு ராத்திரியில் வேறு கதைகள் வந்தன. அவன் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொய்யா மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்தியது, புதுச் சட்டையோடு ஓடையில் விழுந்தது, இப்படி. ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்பான். அம்மாயியும் பத்துத் தடவை சொல்வார். மகளைப் பறிகொடுத்த அவருக்கும் அது ஆறுதல்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று காலை பாடசாலைக்குப் போனதால் உயிர்தப்பிய பிள்ளைகளில் பெற்றோரை இழந்தவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கூரையும் உடுப்பும் மட்டும் போதாது. உட்கார்ந்து பேச ஒரு பெரியவரும் வேண்டும்.

ஆகவே பெரியவர்களே, சில விஷயங்களை மனதில் வையுங்கள். "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிட்டாங்க" என்று சொல்லாதீர்கள். தூங்குகிறார்கள் என்றால், பிள்ளை தானும் தூங்கப் பயப்படும். ஊருக்கு என்றால், பார்த்துக்கொண்டே இருக்கும். "செத்துப்போயிட்டாங்க" என்று அன்பாக, நேராகச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது ஒரே தடவையில் பிடிபடாது. மறுபடி மறுபடி கேட்கும். கோபிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். "ஆம்பளப் பிள்ள அழக்கூடாது" என்று அடக்காதீர்கள். கதை சொல்லும்போது உங்களுக்கே கண்ணீர் வந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களும் அழுவார்கள் என்று பிள்ளை தெரிந்துகொள்ளும்.

தாய் தகப்பன்மாரே, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் டிவியையும் போனையும் நிறுத்திவையுங்கள். தாத்தா பாட்டி பேசட்டும். வாரக்கணக்காகப் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் சேராமல் இருந்தால், கதை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நிலையப் பொறுப்பாளரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். போன மாதம் நாங்கள் போனபோது, அவனே எங்களை உட்காரவைத்து அந்தக் கொய்யா மரத்துக் கதையைச் சொன்னான். அம்மாயி விட்ட இடத்தை எடுத்துக்கொடுத்தார்.