ஒரே மருந்து, வேறு நோயாளர்

மருந்தொன்று நல்லதா, தீயதா என்று பலரும் வினவுவர். யாருக்கு, எந்த நோய்க்கு என்று கேளாமல் இதற்கு விடை கூறல் இயலாது.

தலிடோமைட் என்னும் மருந்து 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் நித்திரை மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது எனப் பெயர் பெற்றமையால், மசக்கையைத் தணிக்கவெனக் கர்ப்பிணிகளும் அதனை உட்கொண்டனர். விளைவு, கைகால் குறைவுற்றுப் பல நாடுகளிற் பிறந்த குழந்தைகள். அவர்தம் தொகை 10,000க்கும் அதிகமென மதிப்பிடுவர். 1961 நவம்பரில் ஜேர்மனியில் விற்பனை நின்றது. அமெரிக்காவிலோ, பிரான்சிஸ் கெல்சி அம்மையார் போதிய சான்றில்லையென்று தொடக்கத்திலிருந்தே அனுமதி மறுத்து வந்தார். நித்திரைக்கு வேறு மருந்துகளா இல்லை? சிறு நன்மைக்காக எத்துணைப் பெரிய ஆபத்து!

கதை இத்துடன் முடியவில்லை. 1964இல் எருசலேம் நகர வைத்தியர் ஜேக்கப் ஷெஸ்கின், வேதனையால் உறக்கமிழந்த தொழுநோயாளருக்கு இதே மருந்தைக் கொடுத்தார். உறக்கம் வந்தது, தோலில் எழுந்த வலிமிக்க கட்டிகளும் வியக்கத்தக்கவாறு வற்றின. அந்நோய் நிலைக்கு 1998இலும், என்புமச்சைப் புற்றுநோய் ஒன்றுக்கு 2006இலும் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

மருந்து மாறவில்லை, கருவைச் சிதைக்கும் அதன் இயல்பும் நீங்கவில்லை. ஆதலால் கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு, கர்ப்பமில்லை என்று சோதித்தறிந்த பின்னரே இன்றும் அங்கு அதனைக் கொடுக்கின்றனர்.