பஸ் டிக்கெட் ஏன் வெளுக்குது? நாலு பிரிண்டர்களின் கதை

இன்னைக்கு பிரிண்டர் பத்திப் பேசலாம். எதை வாங்கலாம்னு சொல்ற ரிவ்யூ கிடையாது. எழுத்து காகிதத்துல எப்படி ஒட்டுது, எவ்வளவு நாள் நிக்கும், அதுதான் விஷயம்.

எங்க ஊர் மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் பக்கம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிற ஊர். காலேஜ் படிக்கிற ஒருத்தர் பையைத் திறந்தா நாலு வகை பிரிண்ட்டும் இருக்கும்: பேங்க் பாஸ்புக், கலர் போட்டோ, ஜெராக்ஸ் கடையில எடுத்த விண்ணப்பம், பஸ் டிக்கெட்.

பாஸ்புக்ல 'டர்ர்ர்'னு அடிக்குதே, அது டாட் மேட்ரிக்ஸ். அதோட ஹெட்ல 9 அல்லது 24 குட்டி ஊசிகள் இருக்கும். அதுங்க ரிப்பனை அடிச்சு, புள்ளி புள்ளியா எழுத்தை உருவாக்கும். நிஜமாவே அடிக்கிறதால கார்பன் காப்பியும் விழும். லாரி ஆபீஸ், குடோன் பில்லுக்கு இன்னும் இதை வச்சிருக்கிறதுக்கு அதான் காரணம்.

வீட்ல போட்டோ எடுக்கிற இங்க்ஜெட், மையைத் துளித்துளியா தெளிக்குது. கேனன், எச்.பி. மெஷின்கள் பெரும்பாலும் மையை நொடியில சூடாக்கி, குமிழியால வெளிய தள்ளும். எப்சன்ல மின்சாரம் பட்டா வடிவம் மாறுற ஒரு படிகம் தள்ளும். சாயம் கரைச்ச மையா இருந்தா, தண்ணி பட்டதும் பரவிடும். மழைக்காலத்துல ஹால் டிக்கெட்டை இதுல எடுத்தா கவனம்!

அடுத்து லேசர். இதோட அடிப்படை நம்ம ஜெராக்ஸ்தான். 1938ல செஸ்டர் கார்ல்சன் கண்டுபிடிச்ச முறை. ஜெராக்ஸ் கம்பெனியில கேரி ஸ்டார்க்வெதர் அதோட லேசரைச் சேர்த்தார். ஒரு டிரம் மேல லேசர் ஒளி, நிலைமின்சாரத்தால எழுத்தை வரையும். அதுல டோனர் பொடி ஒட்டும். அந்தப் பொடி காகிதத்துக்கு மாறினதும், சூடான உருளை அதை உருக்கி ஒட்டிடும். டோனர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதனாலதான் நனைஞ்சாலும் எழுத்து கரையாது. ஆனா சில பிளாஸ்டிக் கவர்ல ரொம்ப நாள் வச்சா, எழுத்து கவர்ல ஒட்டிக்கும்.

கடைசியா பஸ் டிக்கெட், ஏ.டி.எம். ஸ்லிப். இது தெர்மல். மெஷின்ல மையே கிடையாது! காகிதத்து மேலயே நிறமில்லாத சாயம் பூசியிருக்கும், சூடு பட்ட இடம் கறுப்பாகும். நகத்தால வேகமாக் கீறிப் பாருங்க, கோடு விழும். வெயில், எண்ணெய், நாள் கணக்கு, எது பட்டாலும் எழுத்து வெளுக்கும்.

சிக்கல் இங்கதான். ஃபிரிட்ஜுக்கு வாரண்டி இன்னும் இருக்கும், ஆனா தெர்மல் பில் அதுக்குள்ள வெள்ளைக் காகிதமாகிடலாம். பணம் கட்டின ரசீதுக்கும் அதே கதிதான். பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிடாதீங்க, அந்தச் சூட்டுலயே முழுசா கறுத்துடும். வாங்கின அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுங்க, போன்லயும் ஒரு படம் பிடிச்சு வைங்க.

உங்க பர்ஸ்ல இப்போ எத்தனை ரசீது வெளுத்திருக்குன்னு பாத்துட்டு சொல்லுங்க.