ஜெர்மனியில் அரியர் கிடையாது
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஜெர்மனியில் படிப்பு எப்படி என்று பேசச் சொன்னார்கள். "ஃபீஸ் இல்லையாமே, நிஜமா அண்ணா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறீர்கள். நான் போன 2014-இல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவான கல்விக் கட்டணம் எந்த மாநிலத்திலும் இல்லை என்று ஆகியிருந்தது. பிறகு 2017-இல் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ என்று கொண்டுவந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. பணக் கதை இவ்வளவு போதும்.

முன்பு அங்கே பொறியாளருக்கு 'டிப்ளோம்' என்று ஒரே நீண்ட படிப்பு இருந்தது. நம் பாலிடெக்னிக் டிப்ளமா இல்லை, முதுகலைக்குச் சமம். 1999-இல் போலோன்யா உடன்பாடு வந்த பிறகு இளங்கலை, முதுகலை என்று பிரித்தார்கள். முதுகலை பெரும்பாலும் நான்கு செமஸ்டர், 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அறையில் உட்கார்ந்து படிக்கிற நேரமும் அதில் சேர்த்தி. நான் மாட்டியது அந்த நேரத்தில்தான்.

விரிவுரைக்கு வருகைப்பதிவு கிடையாது. ஒன்பது மணி வகுப்பு பெரும்பாலும் 9.15-க்குத் தொடங்கும். முடிந்ததும் கை தட்டமாட்டார்கள், மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் ஏதோ தகராறு என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கும் பயிற்சி வகுப்பு தனியாக நடக்கும். அதுவும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? அதைத்தான் நானும் செய்தேன்.

மதிப்பெண்ணில் 1.0 தான் உச்சம். 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். பெரும்பாலும் ஒரே தேர்வுதான். இன்டர்னல் மார்க் வந்து காப்பாற்றாது. பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் சேர்ந்து படிக்கவும் முடியாது. விசாவும் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. இங்கே கடைசி வருஷம் முடிந்த பிறகும் அரியர் எழுதிய நண்பர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்!

கட்டுப்பாட்டுப் பொறியியலில் எனக்கு முதல் தடவை 5.0. இரண்டாம் தடவையும் 5.0. வீட்டில் சொல்லவில்லை.

அங்கே திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். முதல் தடவை வெட்கப்பட்டுப் போகவில்லை. இரண்டாம் தடவை போனேன். கால தாமதம் உள்ள ஒரு அமைப்பு நிலையாக இருக்குமா என்பது கேள்வி. நான் தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் ரூத் அட்டவணை போட்டு ஒரு பக்கம் நிரப்பியிருந்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. "இந்த முறையை இங்கே ஏன் எடுத்தீர்கள்?" என்று உதவி ஆசிரியர் அமைதியாகக் கேட்டார். பழைய வினாத்தாளில் அப்படித்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? ரூத் முறை பல்லுறுப்புக் கோவைக்குத்தான் நேரடியாகப் பொருந்தும், தாமதம் வந்தால் சமன்பாடு அப்படி இருக்காது என்று அவரே பென்சிலால் எழுதிக் காட்டினார். இதற்கென்றே வாரம் ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்க உட்கார்ந்திருப்பதாகவும், அதிகம் பேர் வருவதில்லை என்றும் சொன்னார்.

அடுத்த செமஸ்டர் அந்த ஒரு மணி நேரத்தை நான் விடவில்லை. அசட்டுக் கேள்விகள்தான் கேட்டேன். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை மனிதர். மூன்றாம் தடவை 2.7. அன்று ராத்திரிதான் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டே முக்காலாடா? எத்தனைக்கு?" என்றார்.

ஒவ்வொரு படிப்புக்கும் தேர்வு விதிமுறை என்று தனியாக ஒன்று உண்டு. எத்தனை வாய்ப்பு, எந்தத் தேதிக்குள் பெயர் பதிவது, எப்போது விலகலாம், எல்லாம் அதில் இருக்கும். என்னுடையதைக் கொண்டுவந்திருக்கிறேன், ஜெர்மன் மொழியில். போக நினைப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு மாமரத்தடிக்கு வாங்க, வாசித்துச் சொல்கிறேன்.