மூச்சை அளந்து கருவியைத் தேர்வோம்

(கல் குவாரித் தொழிலாளர்களும் உரிமையாளர்களும் ஊராட்சித் தலைவர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

பள்ளிக்கூடமும் பாலமும் குடிநீர்த் தொட்டியும் ஜல்லியின்றி எழா. நமது வட்டாரத்தில் எழுந்துள்ள கட்டடம் ஒவ்வொன்றிலும் இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை கூலியோடு முடிந்துவிடுவதில்லை. உங்கள் மூச்சும் அதில் சேர்ந்து போகிறது. அதைக் காப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்றிய அலுவலகத்தினராகிய நாங்கள் இங்குள்ள குவாரித் தொழிலாளர்களுக்கு முகமூடிகள் வழங்கினோம். விழா சிறப்பாகவே நடந்தது, புகைப்படமும் எடுக்கப்பட்டது. 2 மாதங்கள் கழித்து முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது ஒருவர் முகத்திலும் முகமூடி இல்லை. சில, கொட்டகையின் ஆணியில் தொங்கின; சில, லாரியின் கண்ணாடியைத் துடைக்கப் பயன்பட்டன. நமக்குச் சினமே உண்டாயிற்று. துளையிடும் மிஷின் பிடிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து, “உங்கள் நன்மைக்குத்தானே கொடுத்தோம்? ஏன் அணியவில்லை?” என்று கேட்டோம். அவர் பொறுமையாக, “ஐயா, சும்மா நின்று பேசும்போது இதைப் போட்டுக்கொள்ள முடிகிறது. மிஷினைப் பிடித்த பிறகு முடியவில்லை. தூசிக்கு முன்னால் இதுவே எங்கள் மூச்சை அடைத்துவிடுகிறது. ஐயா இதைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சம்மட்டி அடித்துப் பாருங்கள்” என்றார்.

அடித்துப் பார்த்தோம். 10 நிமிடங்களிலேயே அவர் சொன்னது விளங்கிவிட்டது. நாங்கள் வாங்கிக் கொடுத்தது, கடையின் முன் நிற்பவருக்கு ஏற்ற முகமூடி. கல் உடைப்பவருக்கு ஏற்றதன்று. அன்று கற்ற பாடத்தின் பயனே இன்றைய பேச்சு.

கண்ணுக்குத் தெரியாத தூசி

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் கலந்திருக்கிறது. அது படிக வடிவிலுள்ள சிலிகா. கல்லைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் அறுக்கும்போதும் அது தூளாகப் பறக்கிறது. சட்டையிலும் தலைமயிரிலும் படிகின்ற பருமனான வெண்தூளில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். நாம் அஞ்ச வேண்டியது 10 மைக்ரானுக்கும் குறைந்த துகளையே. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் அதன் நுண்மையை நீங்களே எண்ணிப் பாருங்கள். வாயைச் சுற்றிக் கட்டும் துண்டின் இழைகளுக்கிடையே அது தாராளமாகப் புகுந்து செல்லும்.

நுரையீரலின் ஆழத்தில் தங்கிய சிலிகாவை உடல் எளிதில் வெளியேற்ற முடிவதில்லை. தங்கிய இடத்தில் தழும்பு விழுகிறது. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்தவர்களிடம் இது தோன்றும். தூசி மிகுந்த இடத்தில் சில ஆண்டுகளிலேயே தோன்றுவதும் உண்டு. விழுந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. இந்நோய் கொண்டவரைக் காசநோய் பற்றுவதும் எளிது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிசை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. படிகச் சிலிகாத் தூசி மனிதருக்குப் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது.

முதற் காப்பு தண்ணீரே

கருவியைப் பற்றிப் பேசுமுன் உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. தூசியை எழாமல் தடுப்பதே முதற் கடமை. துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கிரஷரின் வாயிலும், பெல்ட்டிலிருந்து ஜல்லி கொட்டும் இடத்திலும் நீர் தெளிக்க வேண்டும். சல்லடையை மூடி வைக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் தொழிலாளியின் முகத்தில் கருவியை மாட்டுவது, கூரையின் ஓட்டையை அடைக்காமல் வீட்டிற்குள் குடை பிடிப்பதை ஒக்கும். இவ்வளவும் செய்த பின்னரும் எஞ்சி நிற்கும் தூசிக்கே மூச்சுக் காப்புக் கருவி.

பேட்டரியால் இயங்கும் கருவி

சாதாரண முகமூடியில் வடிகட்டியின் வழியாகக் காற்றை இழுக்கும் வேலையை நம் நெஞ்சே செய்ய வேண்டும். கடினமாக உழைக்கும்போது அது பெருஞ்சுமையாகிறது. பேட்டரியால் இயங்கும் கருவியிலோ, இடுப்பிலோ தலைக்கவசத்திலோ பொருத்திய சிறு விசிறி அவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது. அது காற்றை வடிகட்டியின் வழியாக இழுத்து முகத்தின் முன் செலுத்துகிறது. மூச்சுத் திணறல் இல்லை. முகத்தில் காற்று வீசுவதால் வியர்வையும் உலர்கிறது.

இது 2 வகைப்படும். ஒன்று, முகத்தோடு இறுக ஒட்டும் ரப்பர் முகமூடி. மற்றொன்று, தலையை மூடித் தளர்வாக நிற்கும் மூடி அல்லது முன்கண்ணாடி வைத்த தலைக்கவசம். இறுகும் வகைக்கு முகம் மழுங்க மழித்திருக்க வேண்டும். தாடியும் மீசையும் விளிம்பில் சிக்கினால் இடைவெளி உண்டாகித் தூசி நுழையும். கார்த்திகையில் மாலை அணிந்து விரதம் இருப்போர் நம்மிடையே பலர். அவர்களுக்குத் தளர்வான வகையே பொருந்தும்.

மூச்சுக் கணக்கு

இனி, இப்பேச்சின் மையமான செய்திக்கு வருவோம். அமைதியாக உட்கார்ந்திருப்பவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். சுமையோடு நடக்கும்போது அது 30 லிட்டர் வரை ஏறலாம். சம்மட்டி அடிப்பது போன்ற கடும் உழைப்பில் 60 லிட்டரையும் எட்டுவதுண்டு.

அப்படியானால் நிமிடத்திற்கு 60 லிட்டர் தரும் விசிறி போதும் என்று தோன்றும். போதாது. நாம் நிமிடம் முழுவதும் காற்றை உள்ளிழுத்துக்கொண்டே இருப்பதில்லை. ஏறத்தாழப் பாதி நேரம் வெளிவிடுகிறோம். உள்ளிழுக்கும் பொழுதிலும் வேகம் ஏறி இறங்குகிறது. அதன் உச்சத்தில் வேகம் நிமிடக் கணக்கைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு இருக்கும். 60 லிட்டர் சுவாசிப்பவர், இழுப்பின் உச்சத்தில் நிமிடத்திற்கு 180 லிட்டர் வேகத்தில் இழுக்கிறார் என்று பொருள்.

அமெரிக்க நாட்டின் நியாஷ் என்னும் தொழில் சுகாதார நிறுவனம், இறுகும் வகைக்கு நிமிடத்திற்கு 115 லிட்டரும் தளர்வான வகைக்கு 170 லிட்டரும் குறைந்த அளவு என வகுத்துள்ளது. 170 லிட்டர் மட்டுமே தரும் தளர்வான மூடியை அணிந்தவர் 180 லிட்டர் வேகத்தில் இழுத்தால் குறை எங்கிருந்து நிரம்பும்? மூடிக்குள் தேங்கிய காற்று சிறிது ஈடுகொடுக்கும். மீதி, விளிம்பின் வழியே வெளியிலிருந்து தூசியோடு வரும். மிகக் கடினமாக உழைக்கும் அந்த வேளையிலேயே காப்பு குறைந்துவிடுகிறது. ஆகவே சம்மட்டிக்கும் துளையிடும் வேலைக்கும் கருவி வாங்குவோர், குறைந்த அளவோடு நின்றுவிடாமல், 200 லிட்டருக்கு மேல் தருவதையோ, மூச்சின் போக்குக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொள்வதையோ கேட்டுப் பெறவேண்டும்.

காப்பின் அளவையும் கேட்க வேண்டும். அமெரிக்க விதிகளின்படி, நன்கு பொருந்திய என்-95 முகமூடி தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று கொள்ளலாம். தளர்வான முகப்புள்ள பேட்டரிக் கருவி 25இல் ஒரு பங்காகக் குறைக்கும். அந்நாட்டில் 2016இல் சிலிகாவுக்கு வகுத்த எல்லை, 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராம். ஓரிடத்தில் 1,000 மைக்ரோகிராம் சிலிகா இருப்பதாகக் கொள்வோம். என்-95 அணிந்தவர் 100 மைக்ரோகிராமைச் சுவாசிக்கிறார். அது எல்லையைப்போல் இரு மடங்கு. பேட்டரிக் கருவி அணிந்தவர் 40 மைக்ரோகிராமோடு தப்புகிறார். எனவே தூசியை முறையாக அளந்து பார்த்த பின்னரே கருவியை முடிவு செய்வது அறிவுடைமை.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

முதலாவது, பேட்டரி. “8 மணி நேரம்” என்று விற்பவர் சொன்னால், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். குறைந்த வேகத்தில் 8 மணி நேரம் ஓடுவது உயர்ந்த வேகத்தில் அவ்வளவு ஓடாது. பேட்டரி பழையதாக ஆக அதன் ஆற்றலும் குறையும்.

இரண்டாவது, எச்சரிக்கை. காற்று குறைந்தால் பெரும்பாலான கருவிகள் ஒலி எழுப்பும். கிரஷரின் இரைச்சலில் அவ்வொலி யாருக்குக் கேட்கும்? அதிர்ந்து உணர்த்துவதும் விளக்கு எரிவதுமான கருவியே நமக்கு ஏற்றது.

மூன்றாவது, குழாய். இடுப்பிலிருந்து தலைக்குச் செல்லும் குழாய் ஓடுகின்ற பெல்ட்டில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பெல்ட்டின் அருகில் நிற்போருக்கு விசிறி தலைக்கவசத்திலேயே அமைந்த, குழாயில்லாத கருவி நல்லது. அது கழுத்துக்குச் சற்றுப் பாரம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நான்காவது, தலைக்குக் காப்பு. கல் தெறிக்கும் இடத்தில் துணி மூடி போதாது. கவசமும் கண்ணாடியும் அடி தாங்குவனவாக இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, அணிபவரின் உடலமைப்பு. ஜல்லி அள்ளும் தாய்மார்களின் கொண்டைக்கு மேல் கவசம் அமருமா? சேலைக் கட்டின் மேல் இடுப்புப் பட்டை நிற்குமா? அவர்களை அணியச் செய்து பார்த்தே வாங்க வேண்டும்.

வாங்கிய பின்னர்

வடிகட்டியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள்; தட்டியும் உதறாதீர்கள். அதனால் வடிகட்டி கிழிந்து, நுண்தூசிக்கு வழி உண்டாகும். அடைத்துப் போனால் மாற்றுவதே முறை. மாற்று வடிகட்டிக்கும் மாற்றுப் பேட்டரிக்கும் பணம் ஒதுக்காமல் கருவியை மட்டும் வாங்குவது, தீவனத்தை எண்ணாமல் மாடு வாங்குவது போன்றது. நாள்தோறும் அணியுமுன் காற்றோட்டத்தை அளக்க வேண்டும். அதற்கான சிறு அளவுகோல் பல கருவிகளோடு வருகிறது. கருவிகளை நிழலில் வைத்துச் சார்ஜ் செய்வதையும் ஏட்டில் குறிப்பதையும் மகளிர் சுய உதவிக் குழுவினர் ஏற்றுக்கொண்டால் நன்றாக நடக்கும். அவ்வேலைக்கு உரிமையாளர் கூலி தரவேண்டும்.

ஒரு கடும் எச்சரிக்கை! இக்கருவி காற்றை வடிகட்டுமே தவிர, பிராணவாயுவை உண்டாக்காது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு பிராணவாயு உண்டு. பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அது குறைந்திருக்கலாம். நச்சு வாயுவும் இருக்கலாம். “கருவிதான் இருக்கிறதே” என்று யாரேனும் இரவல் வாங்கிக்கொண்டு கிணற்றில் இறங்கினால், அவர் உயிரோடு திரும்புவார் என்பதற்கு உறுதியில்லை. குவாரிக் கருவி குவாரியை விட்டு வெளியே போகலாகாது.

நாம் செய்யவிருப்பது

அன்பர்களே! சம்மட்டி அடித்துப் பார்க்கச் சொன்ன பெரியவர் இன்று இக்கூட்டத்திற்கு வரவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அவர் நுரையீரலில் தழும்பு விழுந்திருப்பது தெரிந்தது. இனி மிஷினைத் தொடலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். வீட்டுத் திண்ணையிலிருந்து தெருக்கோடி வரை நடக்க அவர் 2 முறை நின்று மூச்சு வாங்குகிறார். அவரிடம் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியை முகமூடி வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும். வாங்கிய பின் கேட்டோம். அவருடைய மகன் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அதே மிஷினை இப்போது அவர் பிடிக்கிறார்.

இம்முறை வரிசையை மாற்றுவோம். 2 வகைக் கருவிகளை ஒரு வாரம் சோதனைக்குக் கொண்டுவர உரிமையாளர்கள் இசைந்துள்ளார்கள். துளையிடுவோர், கிரஷரில் கல் போடுவோர், ஜல்லி அள்ளும் தாய்மார்கள் ஆகியோர் வேலை நேரம் முழுவதும் அவற்றை அணிந்து பார்க்கட்டும். எது திணறச் செய்கிறது, எது உறுத்துகிறது, எதை மாலை வரை கழற்றத் தோன்றவில்லை என்பதை அவர்களே சொல்லட்டும். வாங்கும் செலவு உரிமையாளருடையது. கூலியில் ஒரு காசும் பிடித்தம் கூடாது. எதை வாங்குவது என்ற முடிவோ, அதை அணிந்து உழைப்பவருடையது. அவர்களுடைய கையொப்பம் இல்லாத பட்டியலுக்கு நாங்கள் பரிந்துரை எழுதமாட்டோம்.

சோதனை முடிந்ததும் மீண்டும் இதே இடத்தில் கூடுவோம். அன்று நாம் பேசப் போவதில்லை. நீங்கள் பேசுவதைக் கேட்கவே வருவோம்.