கொடிக்கு எத்தனை பங்கு?



தேசியக் கொடியைப் பார்க்காதவர் இல்லை. அதை அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? கொடி பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கலாம். ஆனால் நீளம் 3 பங்கு என்றால் உயரம் 2 பங்குதான் இருக்க வேண்டும். 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது.

ஒரு தையல்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொடி தைக்க வேண்டும். நான்கு ஓரமும் சேர்ந்து 450 சென்டிமீட்டர் வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் கேட்பது போலவே கேட்டுவிட்டார்கள்!

அந்த அம்மா 3-ஐயும் 2-ஐயும் கூட்டினார். 5 பங்கு. 450-ஐ 5-ஆல் வகுத்தார். ஒரு பங்கு 90. நீளம் 270, உயரம் 180. துணியை வெட்டப் போனார்.

நல்லவேளை, வெட்டுவதற்கு முன் நாடாவை வைத்துச் சுற்றி அளந்தார். 900 வந்தது! கேட்டதைப் போல் இரண்டு மடங்கு. 270-க்கு 180 என்பதும் 3-க்கு 2 தான். அதனால் பார்வைக்குப் பிழையே தெரியாது. துணிதான் வீணாகியிருக்கும்.

தவறு எங்கே? செவ்வகத்துக்கு நீளம் இரண்டு, உயரம் இரண்டு. அவர் ஒவ்வொன்றைத்தான் எண்ணினார்.

ஒரு பங்கு எவ்வளவு என்று தெரியாது. தெரியாததற்கு ஒரு பெயர் வையுங்கள். 'ப' என்று வைக்கலாம். நீளம் 3ப, உயரம் 2ப.

3ப + 2ப + 3ப + 2ப = 450
10ப = 450
ப = 45

நீளம் 3 × 45 = 135. உயரம் 2 × 45 = 90. கூட்டிப் பாருங்கள்: 135 + 90 + 135 + 90 = 450. சரியாக இருக்கிறது. விதித்தொகுப்பில் உள்ள ஒன்பது அளவுகளில் இதுவும் ஒன்று. இதற்குத்தான் இயற்கணிதம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுற்றளவுக்குப் பதில் பரப்பைச் சொன்னால்? 5400 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். இப்போது கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். 3ப × 2ப = 6 × ப × ப. 5400-ஐ 6-ஆல் வகுத்தால் 900. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 900 என்பது ப அல்ல, ப × ப. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 900 வரும்? 30. ஆகவே நீளம் 90, உயரம் 60.

மீண்டும் அந்த அம்மாவின் கொடிக்கு வருவோம். காவி, வெள்ளை, பச்சை மூன்றும் ஒரே அகலம். உயரம் 90. ஆகவே ஒவ்வொரு பட்டையும் 30. தையலுக்குள் மடியும் துணி இதில் சேராது. அதைத் தனியாகக் கூட்டிக்கொண்டுதான் கத்திரியை எடுக்க வேண்டும்.