நனைத்த பிறகே தைக்க வேண்டும்

(வானொலி மறையுரை. வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 9:36-42; மாற்கு 2:21)



ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரும் சாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், இந்த மண்ணில் துணியோடு உறவில்லாத வீடு குறைவு. நூற்பாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் விடியுமுன்பே ஓடத் தொடங்கிவிடும். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்கிறார்கள். தளவாய்புரம் பக்கம் போனால் வீட்டுத் திண்ணையிலேயே நைட்டி தைக்கும் மிஷின் சத்தம் கேட்கும். இன்று நாம் தையலைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம். தையல் சொல்லிக்கொடுக்கப் போய்த் தாங்களே பாடம் கற்றுக்கொண்டவர்களைப் பற்றியும் சிந்திக்கப் போகிறோம். அவர்களில் நாங்களும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. வெளிநாட்டுப் பங்கு ஒன்றில் வயதான பெண்கள் சிலர் வாரம் ஒருநாள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வந்தார்கள். வெட்டி மீந்த துண்டுகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்து, மேலும் கீழும் துணி பிடித்துத் தைக்கும் கனத்த போர்வை அது. மேலை நாடுகளில் இப்படித் தைப்பவர்கள் ஏராளம். அமெரிக்க லூத்தரன் சபைப் பெண்கள் மட்டுமே ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இத்தகைய போர்வைகளைத் தைத்துப் போராலும் பேரிடராலும் வாடும் நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். நாம் சொல்லும் குழுவினரோ போர்வைகளை ஏலத்தில் விட்டார்கள். அந்தப் பணத்தில் எட்டுத் தையல் மிஷின்கள் வாங்கித் தருவதாகவும், தாங்களே வந்து நம் பெண்களுக்குத் தையல் கற்றுத் தருவதாகவும் எழுதினார்கள். விமானச் செலவு அவரவர் சொந்தக் காசு. நாங்கள் மகிழ்ந்துபோனோம். திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் திரளும் பெருமாள் கோவில் மலைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்தோம். எல்லாச் சமயத்துப் பெண்களும் வந்தார்கள்.

இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. பாட்டும் சிரிப்புமாகப் போனது. ஒவ்வொருவரும் ஒரு துணிப்பை தைத்தார்கள். கடைசி நாளில் படம் எடுத்துக்கொண்டோம். விருந்தினர் கண்ணீரோடு விடைபெற்றார்கள்.

ஓராண்டு கழித்து நாங்கள் போய்ப் பார்த்தோம். எட்டு மிஷின்களில் மூன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஒன்று அடகுக் கடையில் இருந்தது. ஒன்றில் ஊசி முறிந்து, மாற்ற ஆளில்லாமல் அதன்மேல் துணி மூட்டை ஏறியிருந்தது. துணிப்பையை வாங்க அந்த ஊரில் ஆள் இல்லை. மனம் உடைந்துபோய் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அந்த வீட்டு அம்மா, பல வருடம் பீஸ் கணக்கில் நைட்டி தைத்தவர், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு மிஷின் மிதிக்கத் தெரியாதுன்னு யார் சொன்னது? நேர்த் தையல் நாங்க பதினஞ்சு வயசிலேயே அடிச்சோம். ஜாக்கெட் வெட்டத்தான் தெரியாது. அது தெரிஞ்சா கூலிக்கு நிக்க வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேயர்களே, அந்த விருந்தினர்மேல் குற்றம் இல்லை. கடல் கடந்து வந்தவர்களுக்கு இந்த ஊர் எப்படித் தெரியும்? இந்த ஊர்க்காரர்களாகிய நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும். நன்மை செய்யும் அவசரத்தில் கேட்க மறந்தோம்.

அன்று இரவு செபத்துக்கு அமர்ந்தபோது மாற்கு நற்செய்தியின் ஒரு சிறு உவமை எங்களைத் தடுத்து நிறுத்தியது. பழைய ஆடையில் புதிய, நனையாத துணியை ஒட்டுப்போடுகிறவர் எவரும் இல்லை; போட்டால் அந்த ஒட்டு பழையதை இழுத்துக் கிழிக்கும், கிழிசல் இன்னும் பெரிதாகும் என்கிறார் ஆண்டவர். நோன்பைப் பற்றிய கேள்விக்கு விடையாக, தாம் கொண்டுவந்த புது வாழ்வைக் குறித்து அவர் சொன்ன உவமை அது. ஆனாலும் உவமைக்கு அவர் எடுத்த பொருள் தையல். நாசரேத்து வீட்டில் அன்னை மரியா ஒட்டுப்போடுவதைச் சிறுவயதில் பார்த்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்தச் சேதி நம் பெண்களுக்குப் புதிதல்ல. ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி வாங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகுதானே வெட்டக் கொடுப்பீர்கள்? சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதற்கு முன்பும் அப்படித்தான். நீர் காணாத கோடித்துணி பார்வைக்கு விறைப்பாக, அழகாக இருக்கும். முதல் சலவையிலேயே சுருங்கும். சுருங்கும்போது தன்னோடு சேர்ந்த துணியையும் இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் உதவி அந்தக் கோடித்துணியாக இருந்தது. நல்ல துணிதான். நனைக்காமல் தைத்துவிட்டோம். அந்த மக்களின் நேரம், கூலி, கடன், களைப்பு, திறமை எதிலும் அது ஒரு நாள்கூட ஊறவில்லை.

அப்படியானால் நனைந்த உதவி எப்படி இருக்கும்? திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்துக்குச் செல்வோம். யோப்பா என்னும் கடற்கரை ஊரில் தபித்தா என்ற பெண் சீடர் இருந்தார். நோயுற்று இறந்துபோனார். பேதுரு வந்து மாடியறைக்கு ஏறியபோது, அங்கே அவரைச் சூழ்ந்து நின்றவர்கள் கைம்பெண்கள். அவர்கள் அழுதுகொண்டே தபித்தா தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டினார்கள். தபித்தா தங்களோடு இருந்தபோது செய்தவை என்று லூக்கா குறித்து வைக்கிறார். தங்களோடு இருந்தபோது! இந்தச் சொல்லைக் கவனியுங்கள். எத்தனை ஆடை என்ற கணக்கு அங்கே இல்லை. யாருடைய தோள் எவ்வளவு அகலம், யார் கிணற்றடிக்குப் போகிறவர், யாருக்குக் குளிர் தாங்காது என்று தெரிந்த ஒருவர், கூடவே இருந்து தைத்த ஆடைகள் அவை. ஆகவேதான் அவர் இறந்தபோது ஆடைகள் குறைந்துபோயின என்று அவர்கள் அழவில்லை. தங்களை அறிந்த ஒருவர் போய்விட்டார் என்று அழுதார்கள். பேதுரு முழந்தாளிட்டு வேண்டினார். தபித்தாவை உயிரோடு எழுப்பி, அந்தக் கைம்பெண்களிடமே திரும்ப ஒப்படைத்தார்.

நம் நாட்டிலும், நம் காலத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளை ஒட்டிச் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கோவாவில் போர்ச்சுக்கீசியரிடம் அடிமைகளாக இருந்து, தப்பிக் காட்டுக்குள் வந்தவர்கள் பலர். அவர்களில் இந்துக்கள், இஸ்லாமியர், கத்தோலிக்கர் என மூன்று சமயத்தாரும் உண்டு. அந்தப் பெண்கள் பழஞ்சேலையும் கிழிந்த சட்டையும் கொண்டு கவண்டி என்னும் போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு நிறைவு பெறாத போர்வை. கத்தோலிக்கப் பெண்கள் சிலர் நடுவே சிலுவை வைத்துத் தைப்பதும் உண்டு.

இந்தப் போர்வைகளைப் பார்த்தார் அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி டிரூவல். அவர் அந்தப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த தையலின் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2004இல் சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு அமைய உதவினார். 2011இல் அந்தப் போர்வைகள் நியூயார்க் நகரில் கண்காட்சிக்கு வைக்கப்பட்டன. அடிமைகளின் பேத்திகள் கந்தல் துணியில் தைத்ததை உலகின் பெரிய நகரம் நின்று பார்த்தது.

அதே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஐ நம்மால் மறக்க முடியாது. ஆழிப்பேரலையில் வலையும் படகும் வீட்டு ஆளும் போன மீனவப் பெண்கள் செய்வதறியாது உட்கார்ந்திருந்த நேரம். ஆரோவில்லில் ஆடை வடிவமைப்புக் கூடம் நடத்தும் உமா பிரஜாபதியும் அவருடைய உபாசனா குழுவினரும் வெட்டி மீந்த துணியில் விரல் அளவுப் பொம்மை செய்ய அப்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்பது அதன் பெயர். அதை விலைக்கு விற்பதில்லை; அன்பளிப்பாகவே தருகிறார்கள். பெற்றவர் மனமுவந்து கொடுக்கும் காணிக்கையில் அந்தப் பணி நடந்தது. நிவாரணம் வாங்கி வாங்கிச் சோர்ந்த கைகள் உலகத்துக்கு ஒரு பரிசு கொடுக்கத் தொடங்கின. துன்பத்தில் இருப்பவருக்கு நாம் தரக்கூடிய பெரிய மரியாதை, அவரும் கொடுக்கக்கூடியவர் என்று ஏற்றுக்கொள்வதுதான்.

இனி எங்கள் கதைக்குத் திரும்புவோம். நடந்ததை மறைக்காமல் அந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு எழுதினோம். வருத்தப்படுவார்கள், இனி உதவமாட்டார்கள் என்று நினைத்தோம். அடுத்த ஆண்டு அவர்களில் இரண்டு பேர் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை பாடத்திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. முதல் வாரம் முழுவதும் வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு பாட்டி, பேரப்பிள்ளைக்காகப் பழஞ்சேலையை நான்காக மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு தைத்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டு போர்வை தைத்த அந்த அம்மா பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இதை எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டார். பாட்டிக்கு வெட்கமும் சிரிப்பும். "வெள்ளைக்கார அம்மாவுக்கு நான் வாத்தியாரா?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த முறை போர்வை ஏலத்துப் பணம் புது மிஷினுக்குப் போகவில்லை. பக்கத்து ஊரில் ஜாக்கெட் வெட்டுவதில் கைதேர்ந்த ஓர் அக்காவுக்கு ஆறு மாதச் சம்பளமாகப் போனது. பாலை வேலை முடிந்து பெண்கள் வந்து சேரும் மாலை நேரத்தில் அவர் வகுப்பு எடுத்தார். பழுதான மிஷின்களைச் சரிசெய்தோம். அடகில் இருந்ததை மீட்டோம். எல்லோரும் கரைசேர்ந்தார்கள் என்று சொல்ல மாட்டோம். எட்டுப் பேரில் இருவர் பாதியில் நின்றார்கள். நான்கு பேர் இன்று வீட்டிலேயே அளவெடுத்து, வெட்டி, தைத்துத் தருகிறார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் அவர்களிடம் துணி கொடுத்தால் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும்.

அன்பானவர்களே, தவக்காலம் நெருங்குகிறது. உண்டியல்கள் வீடு தேடி வரும். நம் அன்பியங்களும், வின்சென்ட் தெ பவுல் சபையினரும், பெண்கள் பணிக்குழுவினரும் இந்த ஆண்டு யாருக்கு என்ன கொடுக்கலாம் என்று திட்டமிடுவார்கள். தாராளமாகக் கொடுப்போம். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுது அந்த வீட்டு வாசலில் போய் உட்காருவோம். "அம்மா, உங்களுக்கு என்ன தெரியும்? என்ன தடையாக இருக்கிறது?" என்று கேட்போம். அவர்கள் தரும் தண்ணீரைக் குடிப்போம். கொடுத்த பிறகு ஓராண்டு கழித்து மறுபடியும் போவோம், படம் எடுக்க அல்ல, பழுதைப் பார்க்க. பிழை நடந்திருந்தால் அதைக் கொடையாளர்களிடம் மறைக்காமல் சொல்வோம். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். நேரமும் தாழ்ச்சியும் வேண்டும்.

நம் ஆண்டவரும் இப்படித்தான் வந்தார். மேலிருந்து ஒரு நல்ல துண்டைத் தூக்கி எறிந்து நம் கிழிசலை மூடிவிட்டுப் போகவில்லை. முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் நம் உழைப்பிலும் வியர்வையிலும் கண்ணீரிலும் நனைந்தார். அதன் பிறகே போதிக்கத் தொடங்கினார். அதனால்தான் அவர் நம்மோடு சேர்த்துத் தைத்த தையல் பிரிவதே இல்லை.

செபிப்போம். அன்புத் தந்தையே, ஏதேன் தோட்டத்தில் வெட்கி நின்ற எம் முதற்பெற்றோருக்கு நீரே ஆடை செய்து உடுத்தினீர். பாலையிலும் திண்ணையிலும் மிஷினுக்கு முன் குனிந்திருக்கும் எம் சகோதரிகளின் கண்களையும் கைகளையும் காத்தருளும். அவர்கள் உழைப்புக்கு உரிய கூலி கிடைக்கச் செய்யும். உதவச் செல்லும் எங்களுக்குக் கேட்கும் காதையும் காத்திருக்கும் மனத்தையும் தாரும். தபித்தாவைப்போல நாங்களும் ஏழைகளோடு இருந்து, அவர்களுக்காக உழைக்க வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.