தம்பிக்காகத் தரித்த உயிர்



பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில், 7ஆம் நூற்றாண்டில், ஒரு வேளாளர் இல்லத்தில் நேர்ந்த துயரத்தைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் எடுத்துரைக்கிறார். இல்லத் தலைவர் புகழனார், துணைவியார் மாதினியார். மூத்தவர் திலகவதியார், ஆண்டு சில கழித்துப் பிறந்த தம்பி மருணீக்கியார்.

திலகவதியாருக்கு 12 வயது ஆகும் பருவத்தில், படைத்தலைவராகிய கலிப்பகையார் மணம் பேசிப் பெரியோரை அனுப்பினார். புகழனாரும் இசைந்தார். மணநாள் வருமுன் வடபுலத்தில் போர் மூண்டது. கலிப்பகையார் அரசன் ஏவலால் சென்றார். போர் நாள் பல நீண்டது. அதற்குள் புகழனார் நோயுற்று இறந்தார். கணவரைப் பிரிந்து வாழ ஆற்றாத மாதினியாரும் உயிர் நீத்தார். சிறுவர் இருவரும் சுற்றத்தார் துணையோடு ஈமக்கடன் முடித்தனர். அழுத கண்ணீர் உலருமுன் போர்க்களத்துச் செய்தி வந்தது: கலிப்பகையாரும் வீழ்ந்தார்.

பெற்றோர் தம்மை அவருக்கென்றே எண்ணினர்; ஆதலின் தம் உயிரை அவர் உயிரோடு சேர்ப்பதே முறை என்று துணிந்தார் திலகவதியார். அப்போது மருணீக்கியார் தமக்கையின் காலில் வீழ்ந்து அழுதார். தாயும் தந்தையும் போனபின் அக்காள் ஒருவர் இருப்பதால்தான் தாம் உயிரோடிருப்பதாகவும், அவரும் போவாராயின் அவருக்கு முன்னே தாம் போவதாகவும் கூறினார்.

இவ்விடத்தில் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று அந்தப் பெண்ணிடம் ஒருவரும் சொல்லவில்லை. இழவு வீட்டில் அவ்வாறு சொல்லுவோர் உண்டு. அது ஆறுதல் ஆவதில்லை. அவரைத் தடுத்தது உபதேசம் அன்று, தம் காலைப் பற்றிய ஒரு பிள்ளையின் கை. ‘இவன் பிழைக்க வேண்டும்’ என்ற ஒன்றையே எண்ணி அவர் உயிர் தாங்கினார். மங்கல அணி பூணாமல், எல்லா உயிர்க்கும் அருள் பூண்டு, மனையிலேயே தவம் செய்தார்.

தம்பி வளர்ந்தார். நிலையாமையை இளமையிலேயே கண்ட நெஞ்சம் அறத்தில் சென்றது. அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தல்களும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார். பின்னர் மெய்ந்நெறி எது எனத் தேடிப் பாடலிபுத்திரம் சென்று, சமண நெறியில் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே தலைமையும் பெற்றார்.

யாருக்காக உயிர் தரித்தாரோ, அவரும் போய்விட்டார். முதல் துயரினும் இது சிறியதா என்பதைத் தனித்திருந்த தாய்மார்களே அறிவர். திலகவதியார் கெடிலக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். நாள்தோறும் விடியுமுன் திருவலகு இட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருளும்படி இறைவனை வேண்டினார்.

மருணீக்கியாரைச் சூலைநோய் பற்றியது. குடல் முறுக்கும் அந்நோயின் கொடுமையைச் சேக்கிழார் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. மந்திரமும் பீலியும் பயன்படாதபோது அவர் நினைவு தமக்கையிடம் சென்றது. உணவு சமைத்து அளிப்பவனைத் தூது விட்டார். அவன் திருவதிகையில் நந்தவனத்தின் அருகே அம்மையாரைக் கண்டு செய்தி உரைத்தான். தாம் அங்கு வருவதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அன்புடைய நெஞ்சுக்கு அம்மறுமொழி எளிதாய் இருந்திராது. ஆயினும் தம்பி நடந்து வருவதற்குரிய வழியை அதுவே திறந்தது.

பாயையும் கமண்டலத்தையும் பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்து, இரவோடு இரவாக அவர் திருவதிகை வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்து அழுத அதே காலில் மீண்டும் வீழ்ந்தார். அன்று அந்தக் கால்கள் நின்றதனாலன்றோ இன்று அவருக்கு வீழ இடம் இருந்தது! தமக்கையார் எடுத்துத் திருநீறு அளித்தார்.

நாவுக்கரசர் என்னும் பெயரும், 4, 5, 6ஆம் திருமுறைகளாகத் தமிழுலகம் ஓதும் பாடல்களும் இனிமேல் வரவிருப்பவை. அவற்றை அந்த இரவில் இருவரும் அறியார். திருப்பள்ளியெழுச்சி வேளை நெருங்கிற்று. திருவலகும் மெழுகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, எல்லா நாளும் போலவே திலகவதியார் கோயிலுக்கு நடந்தார். அன்று அவர் பின்னே தம்பியும் நடந்தார்.